ஃப்ளெக்ஸில் தைத்த வளையல்கள்

“விளையாட்டா பண்ணுங்க ஃப்ரெண்ட்ஸ், பயப்படாதீங்க, இது வெறும் பேப்பர்தான்” என்று ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொன்னால், உங்கள் கையில் இருக்கும் போட்டோவை உடனே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். பென்சிலை எப்படிச் சீவுவது, வர்ணத்தை எப்படிக் கலப்பது என்பதெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்கு உங்களிடம் வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடமே வந்து பாடம் எடுக்கிறீர்கள்.

வீட்டுப் போட்டோவை வைத்து ஒட்டுவேலை செய்வது இப்போது ஊரெங்கும் பிடித்திருக்கும் காய்ச்சல். போட்டோவின் மேல் துணி ஒட்டுவது, நூலால் தைப்பது, பெயின்ட் அடிப்பது, இலையையும் விதையையும் பஸ் டிக்கெட்டையும் வைத்து அலங்கரிப்பது. நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளை வைத்து இதை நானே செய்திருக்கிறேன். வீட்டுப் போட்டோவை ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்வேன். ஒருத்தி அப்பாவின் மீசைக்குத் தேங்காய் நாரை ஒட்டினாள். இன்னொருத்தி சிடுசிடுக்கிற அத்தையின் கொண்டையில் பூவுக்குப் பதில் காய்ந்த மிளகாயைச் செருகினாள். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஜெராக்ஸ் என்பதால் எந்த வீட்டிலும் அடிதடி நடக்கவில்லை. இந்தச் சின்ன புத்திகூட இல்லாதவர்கள்தான் இன்றைக்கு நிபுணர்கள்.

அப்படி ஒரு நிபுணரோடு நான் மாட்டிக்கொண்ட கதை இது. நான் ஓய்வு பெற்ற பிறகு, விழுப்புரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் மகளிர் குழுப் பெண்களுக்கு மூன்று நாள் கலை முகாம் வைத்தது. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன கல்யாண மண்டபம். மூன்றாம் நாள் கண்காட்சி. நிபுணர், இரும்பை என்ற கிராமத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோ வைத்திருப்பவர். கிழிந்த கதர்ச் சட்டை போட்டிருந்தார். கிழிசலைக் கடையிலேயே போட்டுக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது, அவ்வளவு ஒழுங்காக இருந்தது. அவர் பேசுவது பெண்களுக்குப் புரியாது, பெண்கள் பேசுவது அவருக்குப் புரியாது, நடுவில் ஓர் உள்ளூர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் காலையில் அவர் சொன்ன முதல் காரியம், போட்டோவின் மேல் டீத்தண்ணீர் ஊற்றுவது. அப்போதுதான் அது பழசாகி ‘வின்டேஜ்’ ஆகுமாம். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து வந்திருந்த மும்தாஜ்தான் முதலில் வாயைத் திறந்தாள். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். வீட்டில் அடக்கி வைத்த பேச்சையெல்லாம் முகாமுக்கு எடுத்து வந்திருந்தாள்.

“ஏன் சார், அழுக்குப் புடிச்ச போட்டோவ புதுசாக்கிக் குடுன்னு நாங்க ஸ்டூடியோவுக்கு அலையறோம். நீங்க இன்னான்னா புதுசு மேல டீய ஊத்தி அழுக்காக்கச் சொல்றீங்க. சக்கர போட்ட டீயா, போடாத டீயா?”

மண்டபமே சிரித்தது. நிபுணருக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்ததாக, ஊதுபத்தியைக் கொளுத்திப் போட்டோவின் ஓரங்களைக் கருக்கச் சொன்னார். ஒருத்தியும் தீப்பெட்டியைத் தொடவில்லை. மூன்றாவதாக அவர் சொன்னதுதான் உச்சம்.

“உங்க கையில கண்ணாடி வளையல் இருக்கில்ல? அதை உடைங்க ஃப்ரெண்ட்ஸ்! அந்தத் துண்டுங்களை உங்க ஹஸ்பெண்ட் போட்டோ மேல ஒட்டுங்க. செம்மயா மின்னும்!”

கட்டிய புருஷன் உயிரோடு இருக்கும்போது, அவன் போட்டோவை எதிரில் வைத்துக்கொண்டு வளையலை உடைக்கச் சொல்கிறார். கல்யாணமான பெண்ணின் கை வளையல் எந்த வீட்டில், எந்த நாளில் உடையும் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஓர் அம்மாள் முந்தானையால் இரண்டு கையையும் மூடிக்கொண்டாள். இன்னொருத்தி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மைக்கைப் பிடுங்கி, “யாரும் எதையும் உடைக்க வேணாம், டீ வந்திருக்கு, குடிக்கிற டீதான், போய்க் குடிங்க” என்று எல்லாரையும் வெளியே அனுப்பினேன். பிறகு அந்த மனிதரைத் தூணோரம் கூட்டிப் போய் விஷயத்தை விளக்கினேன். “ஓ, அவ்ளோ சிம்பாலிக்கா? சூப்பர் மேடம்!” என்று போனில் குறித்துக்கொண்டார். இந்த ஜென்மத்துக்கு இதற்கு மேல் எதையும் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

அந்த டீ இடைவேளையில்தான் அஞ்சலை என்னிடம் வந்தாள். மயிலம் பக்கத்துக் கிராமம். நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்தக் கொல்லையில் மல்லாட்டையும் கேப்பையும் போடுகிற குடும்பம். எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் நிலம், மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. காலையிலிருந்து மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் மேஜை மேல் போட்டோவை வைத்திருக்க, அவள் மட்டும் ஓர் உரச்சாக்கைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள்.

“டீச்சர், எங்கிட்ட சின்ன போட்டோ இல்ல. பெருசுதான் இருக்குது. பரவால்லியா?”

சாக்குக்குள்ளிருந்து ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை எடுத்துத் தரையில் விரித்தாள். நடுவில் ஒரு பெண்ணின் முகம், இருபது வயதிருக்கும், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. தோள் இரண்டிலும் விழுவதுபோல் அச்சடித்த ரோஜா மாலை. இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. மேலே பெரிய எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே சுகன்யா என்று பெயரும், ஊரும், ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று இரண்டு தேதிகளும்.

“ஐயோ, பொண்ணுக்கு இன்னாம்மா ஆச்சு?” என்று கேட்டுவிட்டேன்.

“ஒண்ணும் ஆவல டீச்சர். திண்டிவனத்துல நல்லாத்தான் இருக்கா. இந்த வெள்ளிக்கெழம அவளுக்கு சீமந்தம்.”

பிறகு அவளே சொன்னாள். சுகன்யா ஒரு பைக் மெக்கானிக்கை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வேறு சாதி. அவ்வளவுதான், அவள் அப்பா ஏழுமலைக்கு மகள் செத்துப்போய்விட்டாள். உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து ஊர் முனையில் கட்டிவிட்டார். இந்த வீரத்தை நீங்களும் ஏதாவது ஒரு கூட்டுரோட்டில் பார்த்திருப்பீர்கள். பெற்ற பெண்ணுக்கு மறைவு தேதி குறிக்கிற அப்பன்களும், ‘விளக்கு ரெண்டு போதுமா அண்ணே’ என்று கேட்டு அதை அடித்துக் கொடுக்கிற கடைக்காரர்களும் இருக்கிற மாவட்டம் இது. பேனர் கட்டிய அன்றைக்கே வீட்டிலிருந்த போட்டோ, ஆல்பம், பள்ளிக்கூட அடையாள அட்டை எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்தியும் விட்டார்.

ஆனால் ஃப்ளெக்ஸை மட்டும் நம் ஊரில் யாரும் தூக்கிப் போடுவதில்லை. மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகும், மல்லாட்டை காயவைக்கப் பாயாகும். காற்று மழையில் பேனர் அறுந்து விழுந்ததும் ஏழுமலை அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்து களத்தில் போட்டார். செத்தவளாக அறிவித்த மகளின் மேல் மல்லாட்டை காய்ந்தது.

“அவரு மூஞ்சி தெரியாம கவுத்துப் போட்டுட்டுப் போவாரு டீச்சர். அவரு அந்தாண்ட போனதும் நான் திருப்பிப் போட்டு, மூஞ்சி மேல மட்டும் வுழாம சுத்திலும் பரப்பிடுவேன். எம்போனு பட்டன் போனு. படம் தெரியாது. அவரு கொல்லைக்குப் போன நேரம் பாத்து அவ பேசுவா, கொரல மட்டும் கேட்டுக்குவேன். கண்ணால பாத்து ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. இந்த மூஞ்சிதான் எங்கிட்ட இருக்குது.”

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மாலை, விளக்கு, எழுத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மகளின் முகம் மட்டும் வேண்டும். எழுத்தை வெட்டிவிடலாம், ஆனால் அச்சடித்த மாலையைச் சுரண்டினால் கழுத்தும் சேர்ந்து போய்விடும் என்று நான் உள்ளதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. “சீமந்தத்துக்கு மொத வளையலு பொறந்த வூட்டுலேருந்து போவணும் இல்ல டீச்சர்? அவளுக்கு அதுவும் இல்ல” என்றாள்.

நிபுணர் இதற்குள் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். பேனரைப் பார்த்ததும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று போனில் படமாக எடுத்துத் தள்ளினார்.

“சிஸ்டர், இதுல ஒரு எழுத்தைக்கூடத் தொடாதீங்க. அப்படியே மாட்டுறோம். இந்த மாலை, இந்த ‘மறைவு’... என்ன பெயின்! இதுதான் ஆர்ட்!”

“எனக்கு அந்த எழுத்து வேணாம் சார்.”

“இல்ல சிஸ்டர், அதான் பவரே.”

பவராம். அந்த எழுத்தை ஒரு வருஷமாக மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தவளிடம் இவர் பவரைப் பற்றிப் பேசுகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலையே மேஜை மேலிருந்த கத்திரியை எடுத்தாள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ ஒரு பட்டையாகவும், கீழே தேதிகள் ஒரு பட்டையாகவும் தரையில் விழுந்தன. நிபுணர் பதறிப்போய் அவற்றைப் பொறுக்கி, உதறி, தன் துணிப்பைக்குள் பத்திரப்படுத்தினார். அப்போதே பிடுங்கிக் குப்பையில் போட்டிருக்கலாம், அதற்குள் மேடையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

இரண்டாம் நாள் பசை வேலை. நிபுணர் வெளிநாட்டுப் பசையெல்லாம் கொண்டு வந்திருந்தார். அந்தப் பசை காகிதத்தில் நன்றாகவே ஒட்டியது. ஃப்ளெக்ஸில் மட்டும் காய்ந்ததும் பாலாடை மாதிரி உரிந்து கையோடு வந்தது. விளக்கை மறைக்கலாமென்று அடித்த பெயின்ட்டும் அப்படியே. பிளாஸ்டிக் மேல் எது ஒட்டும், எது ஒட்டாது என்று பார்த்து வைத்துக்கொள்ளாமல் அவர் ‘மிக்ஸட் மீடியா’ நிபுணராகிவிட்டிருக்கிறார்! அஞ்சலை சளைக்காமல் திரும்பத் திரும்ப ஒட்டிப் பார்த்தாள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“டீச்சர், சீமந்தத்துக்கும் மாலதான போடுவாங்க?”

“ஆமா.”

“வெளக்கும் ஏத்தி வைப்பாங்க இல்ல?”

“ஆமாம்மா, குத்துவிளக்கேத்தித்தான் உக்கார வைப்பாங்க.”

“அப்ப எதையும் எடுக்க வேணாம். இருக்கட்டும்” என்றாள்.

எனக்கு அப்போதும் உடனே பிடிபடவில்லை. அவள் பையிலிருந்து சாக்கு தைக்கிற கோணி ஊசியையும் நூலையும் எடுத்தாள். மூட்டை தைக்கிற கை. பசை ஒட்டாவிட்டால் என்ன, ஊசி இறங்கும். யாரோ தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்த பச்சை ரவிக்கைத் துணியைப் படத்தில் கழுத்துக்குக் கீழே புடவை மாதிரி வைத்துத் தைத்தாள். தைத்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள். கொறிப்பதற்குக் கொண்டு வந்திருந்த பையை அவிழ்த்து, கைப்பிடி கைப்பிடியாக மல்லாட்டையைத் துணிக்குள் அடைத்தாள். வயிறு உப்பிக்கொண்டு வந்தது. பக்கத்திலிருந்தவள் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரிக்க, எல்லாரும் வந்து கூடிவிட்டார்கள்.

“யக்கா, இன்னும் ரெண்டு கை போடு. ஏழு மாசத்துக்கு இது பத்தாது.”

“ரெட்டப் புள்ளையா இருக்கப் போவுது, போதும்டி!”

மும்தாஜ் எழுந்து வெளியே போனாள். எதிர்க்கடையிலிருந்து கண்ணாடி வளையல் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். “ஒடைக்காம ஒட்ட முடியுமா யக்கா?” என்று கேட்டுவிட்டு, நிபுணரை ஓரக்கண்ணால் பார்த்தாள். அஞ்சலை ஒவ்வொரு வளையலையும் முழுசாக வைத்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, அசைந்தால் சத்தம் கேட்கிற மாதிரி தொங்கவிட்டுத் தைத்தாள். பெண்கள் ஆளுக்கொரு வளையலை எடுத்துக் கொடுத்தார்கள். யாரோ சந்தனத்தைக் குழைத்து வந்து அச்சடித்த கன்னத்தில் தடவினார்கள். அது காய்ந்து உதிர உதிர, வேறொருத்தி வந்து மறுபடியும் தடவினாள். செத்தவள் என்று அச்சடித்த படத்தில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்திருந்தாள்.

நிபுணர் வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “காலண்டர் படம் மாதிரி ஆயிடுச்சு மேடம். வயிறு ரொம்ப லிட்டரல்.”

இதைப் படித்ததும் காப்பியடிக்கிறவர்கள் உங்களிலும் சிலர் இருக்கிறீர்கள். அடுத்த முகாமிலேயே எல்லாப் பெண்களின் போட்டோவிலும் வயிறு வைத்துத் தைத்து, உள்ளே மல்லாட்டையை அடைத்து, அதற்கு ஒரு சான்றிதழும் கொடுப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த வயிறு அஞ்சலையின் மகளுடையது.

மூன்றாம் நாள் காலை நான் போவதற்குள் எல்லாப் படத்தையும் சுவரில் மாட்டியிருந்தார்கள். அஞ்சலையின் படத்துக்கு மேலேயும் கீழேயும் அந்த இரண்டு பட்டைகள் குண்டூசியால் குத்தியிருந்தன. கண்ணீர் அஞ்சலி. தோற்றம், மறைவு. பிடுங்கி எடுத்தேன்.

“மேடம்! அது கான்டெக்ஸ்ட்!”

“கான்டெக்ஸ்ட்ட உங்க வீட்டுச் சுவத்துல, உங்க போட்டோ மேல குத்திக்குங்க. அந்தம்மா வெட்டிப் போட்டத மறுபடி மாட்ட நீங்க யாரு?” என்றேன். டீக் கப் போடுகிற வாளியில் அவற்றைத் திணித்துவிட்டு, மேலே மிச்ச டீயையும் ஊற்றினேன். ‘வின்டேஜ்’ ஆகட்டும்.

மதியம்தான் இடி விழுந்தது. குழுத் தலைவி ஓடி வந்தாள். முதல் நாள் எடுத்த போட்டோவை நிபுணர் தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார், பெயர், ஊர் எல்லாம் தெரிகிற மாதிரி. அது சுற்றிச் சுற்றி அந்தக் கிராமத்துக்கே போய், ஒரு சொந்தக்காரப் பையன் ஏழுமலையின் கண்முன்னால் நீட்டிவிட்டான். “ஊரு மானத்த வாங்க விழுப்புரம் வரிக்கும் போயிட்டாளா” என்று கத்திக்கொண்டு அவர் பஸ் ஏறிவிட்டாராம். அஞ்சலை அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “கொளுத்திடுவாரு டீச்சர். இதையும் கொளுத்திட்டாருன்னா எம்பொண்ணு மூஞ்சியே எனக்கு இல்ல.”

ஆளாளுக்கு ஒரு யோசனை. படத்தைச் சமையல்கட்டில் ஒளித்து வைக்கலாம் என்றார்கள். அஞ்சலையைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடலாம் என்றார்கள். நிறுவனத்துக்காரர் போலீஸுக்குப் போன் போடலாமா என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் வேண்டாமென்றேன். ஒளித்து வைத்தால் அது திருட்டுப் பொருள் ஆகிவிடும். தேடி வருகிறவன் கண்டுபிடித்தால் பார்க்கவே மாட்டான், கிழிக்கத்தான் செய்வான். படம் மாட்டிய இடத்திலேயே இருக்கட்டும். அஞ்சலை அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும். சுற்றிலும் பெண்கள் உட்காரட்டும். அந்த ஆள் கிழிக்க வேண்டுமென்றால் முதலில் பார்த்தாக வேண்டும். அந்த ஒரு பார்வையை நம்பித்தான் முடிவெடுத்தேன். நிபுணரிடம், “நீங்க வாயத் தெறக்கக் கூடாது” என்று கும்பிட்டே கேட்டுக்கொண்டேன்.

ஏழுமலை கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தார். பனியன், தோளில் துண்டு, காலில் சேறு. வாசலில் நின்று உள்ளே தேடினார். அவர் அடியெடுத்து வைப்பதற்குள் நிபுணர் எதிரே போய் நின்றுவிட்டார்.

“வணக்கம்ங்க, நீங்கதான் அந்த பேனரோட ஆர்ட்டிஸ்ட்டா? அதை டிசைன் பண்றப்போ உங்க மனநிலை எப்படி...”

“யார்ரா இவன்?”

மும்தாஜ் பாய்ந்து வந்து நிபுணரின் துணிப்பையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க சார், அந்தாண்ட ஒரு போட்டோ ரொம்பப் புதுசா இருக்குது. டீ ஊத்தணும்.”

ஏழுமலை நேராக அஞ்சலையிடம் வந்தார். “இன்னாடி பண்ணிக்கினு இருக்க இங்க?”

அவள் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். கையை வீசிப் படத்தைப் பிடித்தார், இழுத்தார். வளையல்கள் அத்தனையும் ஒன்றாகக் கலகலவென்று சத்தம் போட்டன. அவர் கை அப்படியே நின்றது.

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. பெற்ற பிள்ளைக்கு மாலை போட்ட மனுஷனை நிற்க வைத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. வகுப்பில் ரப்பரைத் தொலைத்த பிள்ளையையே அரைமணி நேரம் திட்டுகிறவள் நான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த முகாமில் நான் செய்த கடினமான வேலை அதுதான்.

ஏழுமலையின் கை வயிற்றின் மேல் இறங்கியது. உள்ளே சலசலத்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“இன்னாது உள்ள?”

“மல்லாட்ட.”

“நம்ம கொல்லையுதா?”

“ஆமா. வெதைக்கு எடுத்து வெச்சதுலேருந்து கொஞ்சம்.”

“வெத மல்லாட்டையவா எடுத்தாந்த?” என்று சத்தம் போட்டவர், பாதியிலேயே நிறுத்தினார். மறுபடியும் வயிற்றைப் பார்த்தார்.

“எத்தினி மாசம்?”

“ஏழு. நாளைக்கி வளையலு போடறாங்க.”

ஏழுமலை ஆணியிலிருந்து படத்தை எடுத்துச் சுருட்டப் போனார். “சுருட்டாதீங்க, வளையலு ஒடைஞ்சிடும்” என்றாள் அஞ்சலை. சுருட்டவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். அஞ்சலை பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். “மேடம், எக்ஸிபிட்! எக்ஸிபிட்ட தூக்கினு போறாரு!” என்று நிபுணர் அலறினார். அது அவங்க வீட்டுப் போட்டோ, போகட்டும் என்று சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன்.

திண்டிவனம் பஸ்ஸில்தான் அவர்களும் ஏறினார்கள். மயிலம் போகிறவர்கள் வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கி மாற வேண்டும். “கூட்டேரிப்பட்டு ரெண்டு” என்று ஏழுமலை டிக்கெட் எடுத்தது என் காதில் விழுந்தது. கூட்டேரிப்பட்டு என்றால் வீடு. வீடு என்றால் அந்த வாசல், அந்தத் தீப்பெட்டி. அவர்களுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் தைரியம் ஒரு தாயின் கடைசிப் படத்துக்கும் உலை வைத்துவிட்டதோ என்று நொந்துகொண்டிருந்தேன்.

விக்கிரவாண்டி தாண்டியது. படம் ஏழுமலையின் மடியில் இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் வளையல் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் போன பிறகு கவனித்தேன். ஒவ்வொரு வேகத்தடை வரும்போதும் அந்த மனிதர் படத்தை மடியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கூட்டேரிப்பட்டு! எறங்கறவங்க ஜல்தியா வாங்க!”

அஞ்சலை எழுந்தாள். ஏழுமலை எழுந்திருக்கவில்லை.

“ஒக்காரு” என்றார்.

கண்டக்டர் வந்து நின்றார். “யோவ், கூட்டேரிப்பட்டுக்குத்தான டிக்கெட்டு எடுத்த?”

“திண்டிவனத்துக்கு ரெண்டு குடு.”

“அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? பெரிய பேஜாரா இருக்குது உங்களோட.”

“மொதல்ல தெரியலய்யா.”

கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே மெஷினைத் தட்டி டிக்கெட் கொடுத்தார். பஸ் கிளம்பிய பிறகு ஏழுமலை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். “நான் உள்ள வர மாட்டேன். தெரு முனையிலியே நின்னுடுவேன். மொத வளையல நீ இன்னிக்கே போயி போட்டுட்டு வா.” அஞ்சலை முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். பிறகு அவர் மடியிலிருந்த படத்தின் மேல் குனிந்து, முதல் வளையலின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஆடுகிற பஸ்ஸில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி விரலில் மாட்டிக்கொண்டார். அடுத்ததையும் வாங்கிக்கொண்டார். உள்ளே வர மாட்டேன் என்று சொன்ன மனுஷன், திண்டிவனம் வருவதற்குள் இரண்டு கை விரல்களிலும் வளையலோடு உட்கார்ந்திருந்தார்.